தொண்ணூற்று நான்காம் இடம்

கனடா தேசத்துப் பாட்டுப் பட்டியலில் தொண்ணூற்று நான்காம் இடம். பட்டியலில் இருப்பதே நூறு பாட்டு. அதிலும் ஒரே ஒரு வாரம். இதற்கா இத்தனை ஆர்ப்பாட்டம் என்று யாராவது கேட்டால், அந்த ஆள் சட்பரிக்காரர் இல்லை என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லிவிடுவேன். எங்கள் சுரங்க ஊரில் அந்த எண்ணை வண்டி நம்பர் பலகையில் கேட்டு வாங்கிப் போட்டுக்கொண்டவர்கள் இருக்கிறார்கள். பெண்கள் ஹாக்கி அணியில் தொண்ணூற்று நான்காம் நம்பர் சட்டைக்கு அடிதடியே நடந்திருக்கிறது.

லஞ்ச் பெயில்ஸ் என்ற எங்கள் ராக் குழு மொத்தம் மூன்று எல்.பி., எட்டு சிங்கிள், அதாவது ஒற்றைப் பாட்டுத் தட்டு, போட்டது. சுரங்கத்துக்குச் சாப்பாடு கொண்டுபோகும் தகரப் பெட்டிதான் அந்தப் பெயர். நான்கு பேருமே சுரங்கத்தான் பிள்ளைகள், வேறென்ன பெயர் வைப்பார்கள்? முதல் எல்.பி. 'காலை ஷிஃப்ட்', இரண்டாவது 'மதிய ஷிஃப்ட்'. மூன்றாவது 'ராத்திரி ஷிஃப்ட்'டாகத்தான் இருக்கும் என்று ஊரே காத்திருந்தது. 'லீவு' என்று வைத்தார்கள். அதோடு குழுவையும் கலைத்துவிட்டார்கள்.

சிங்கிள் எட்டில் ஏழு எந்தப் பட்டியலிலும் தலைகாட்டவில்லை. வானொலியில் இத்தனை பங்கு கனடாப் பாட்டு போட்டே தீர வேண்டும் என்று சட்டம் இருந்ததால், நிலையத்தார் அந்தக் கடமையை விடியற்காலை ஐந்து மணிக்குக் கழித்துக்கொள்வார்கள். ஆகவே நாடு முழுக்க ரொட்டி சுடுகிறவர்களும் பனி தள்ளும் வண்டி ஓட்டுகிறவர்களும் லஞ்ச் பெயில்ஸின் பரம ரசிகர்கள். தூங்கிக்கொண்டிருந்த மற்றவர்களுக்கு அவர்களைத் தெரியாது. எழுபத்தொன்பது ஜனவரியில் வந்த ஐந்தாவது சிங்கிள், 'கதவைச் சாத்து மார்லீன்', அது ஒன்றுதான் பட்டியலைத் தொட்டது.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். போன மார்ச்சில் ஒரு புதன்கிழமை காலை, ஐலி ஹாபமாக்கி ஏலக்காய் தட்டிப் போட்டுப் புல்லா என்ற பின்லாந்து இனிப்பு ரொட்டிக்கு மாவு பிசைந்துகொண்டிருந்தாள். அறுபத்தேழு வயது, ஒண்டிக்கட்டை. போன் அடித்தது. குழுவின் பாடகன் ஓரெஸ்ட் போட்னார்ச்சுக்.

"ஐலி, நின்னுட்டிருந்தா உக்காரு."

"மாவுக் கையோட நிக்கறேன். யாரு செத்தது?"

"உன் வாயில நல்ல வார்த்தையே வராதா? யாரும் சாகல. நாங்க பித்தளைல வரப்போறோம்!"

நகராட்சி, ஐஸ் அரங்கத்தின் வராந்தாவில் லஞ்ச் பெயில்ஸுக்கு ஒரு பித்தளைத் தகடு வைக்கிறதாம். மூன்று எல்.பி., எட்டு சிங்கிள், எல்லாம் வருடத்தோடு. அடியில் பெரிய எழுத்தில் கடைசி வரி: தேசியப் பட்டியலில் தொண்ணூற்று நான்காம் இடம். வெள்ளிக்கிழமை காலை பொறிக்கப் போகிறார்கள். சனிக்கிழமை மத்தியானம், ஐஸில் கல் தள்ளி விளையாடும் கர்லிங் கிளப்பில் விழா; அதன் பிறகுதான் தகட்டை அரங்கத்தில் மாட்டுவார்கள்.

"தகட்ட மூடின துணிய நீதான் இழுக்கணும்" என்றான் ஓரெஸ்ட்.

"நானா? எனக்கும் அதுக்கும் என்ன?"

"உன் கடைல வித்ததாலதானே அந்த எடமே வந்துது. நாப்பத்தஞ்சு வருஷமா உனக்கு ஒரு மேடை போட்டு நன்றி சொல்லல. என்னை என்ன, அவ்வளவு நன்றி கெட்டவன்னு நெனச்சுட்டியா?"

சரி என்றாளா, இல்லை என்றாளா என்று ஐலிக்கே தெரியவில்லை. போனை வைத்துவிட்டு மாவுக் கையோடு உட்கார்ந்துவிட்டாள். ஏனென்றால் அந்தத் தொண்ணூற்று நான்காம் இடம் சுத்தப் பொய். அந்தப் பொய்யைச் சொன்னது இவள்.

அந்தக் குளிர்காலத்தில் அவளுக்கு இருபத்திரண்டு வயது. எல்ம் தெரு ரெக்கார்டுக் கடையில் கவுண்ட்டர் அவள் பொறுப்பு. சுரங்கத்தில் வேலைநிறுத்தம் ஐந்தாவது மாதம். பாதி ஊர், சங்கம் கொடுத்த உருளைக்கிழங்கைத் தின்று உயிர் வாழ்ந்தது. பாட்டுத் தட்டு யார் வாங்குவார்கள்? ஆனால் பாட்டு மட்டும் எல்லார் வாயிலும் இருந்தது. வீட்டுச் சூடு வெளியே போகுதடி, கதவைச் சாத்தித் தொலை மார்லீன் என்று ஒருவன் மூன்று நிமிடம் கெஞ்சுகிறான், அவ்வளவுதான் பாட்டு. மைனஸ் முப்பதில் சுரங்க வாசலில் பீப்பாய் நெருப்பைச் சுற்றி மறியல் செய்கிறவனுக்கு அதைவிடப் பெரிய தத்துவம் எதற்கு?

பிறகு ஆட்கள் கடைக்கு வர ஆரம்பித்தார்கள். கோட்டில் புகை நாற்றம், மீசையில் பனி. "இப்ப வேணாம்மா. எனக்கு ஒண்ணு எடுத்து வை. வேலைநிறுத்தம் முடிஞ்சதும் வந்து வாங்கிக்கறேன்" என்பார்கள். ஐலி சீட்டில் பெயரையும் தேதியையும் எழுதச் சொல்லி, ரப்பர் பேண்டு போட்டுத் தட்டோடு சேர்த்துக் கவுண்ட்டருக்கு அடியில் வைத்தாள். ஒரே வாரத்தில் ஐம்பத்திரண்டு சீட்டு. கையோடு வாங்கிப் போனவர்கள் ஒன்பது பேர்.

திங்கட்கிழமை தோறும் டொராண்டோவிலிருந்து, பட்டியல் போடும் பத்திரிகையில் வேலை பார்த்த லொரேன் என்ற பெண் போன் செய்வாள். நாட்டிலுள்ள கடைகளை எல்லாம் இப்படித்தான் கேட்டுக் கேட்டு அவர்கள் பட்டியல் போட்டார்கள். விதி ஒன்றே ஒன்று. கடை வாசலைத் தாண்டி வெளியே போன தட்டுதான் விற்ற தட்டு. ஐலிக்கு அது நன்றாகவே தெரியும்.

"மார்லீன் எத்தனை போச்சு?" என்று கேட்டாள் லொரேன்.

ஐலி நிமிர்ந்து ரேக்கைப் பார்த்தாள். காலி. காலடியில் ஐம்பத்திரண்டு பெயர். இந்த ஊரில் ஒருவன் பேரைக் கொடுத்தால் கொடுத்ததுதான், டொராண்டோக்காரிக்கு என்ன தெரியும்?

"அறுபத்தொண்ணு."

"அறுபத்தொண்ணா? அங்க சாப்பாட்டுக்கே வழியில்லன்னு பேப்பர்ல போட்டிருந்தானே!"

"அதுக்காகப் பாட்டும் கேக்கக் கூடாதா?" என்று ஐலி எரிந்து விழுந்தாள். பொய் சொல்கிறவர்களுக்குத்தான் கோபம் சீக்கிரம் வருகிறது.

ஜனவரி எல்லாக் கடைகளிலும் ஈ ஓட்டுகிற மாதம். அறுபத்தொன்று போதுமானதாக இருந்தது. அடுத்த திங்கள் லொரேன் கேட்டபோது, பயந்துபோயிருந்த ஐலி, "ஒண்ணும் போகல" என்று சொல்லிவிட்டாள். வந்த வழியே பாட்டு இறங்கிப் போனது. ஒரு வாரம் மட்டும் வந்து காணாமல் போன அதிசயத்தைப் பற்றிப் பழைய பாட்டு ஆராய்ச்சிக்காரர்கள் இன்றைக்கும் மண்டையை உடைத்துக்கொள்கிறார்கள்.

ஆனால் அந்த ஒரு வாரத்தை வைத்துத்தான் வின்னிபெக்கிலிருந்து கச்சேரிக்குக் கூப்பிட்டார்கள். அந்தக் கச்சேரியில்தான் டிரம்ஸ் அடிக்கும் ஜீல் பிரிஸ்புவா தன் பெண்டாட்டியைப் பார்த்தான். இரண்டாவது எல்.பி. போடக் கம்பெனி சம்மதித்ததும் அதனால்தான். ஓரெஸ்டுக்கோ அது அதற்கும் மேலே. பிற்பாடு முப்பது வருடம் பள்ளிக்கூட பஸ் ஓட்டினான். மனசு உடைந்த நாளிலெல்லாம், "நானும் ஒரு காலத்துல பட்டியல்ல இருந்தவன்டா" என்பான். அதைப் பிடுங்கினால் அவன் கையில் என்ன மிஞ்சும்? பிடுங்காமல் விட்டால், அவள் பொய்க்கு அவளே துணி இழுக்க வேண்டும். ஊர் கை தட்டும். பித்தளை ஆயிற்றே, நூறு வருடம் அழியாது.

சீட்டுகளை ஐலி ஒரு ஸ்கேட் காலணிப் பெட்டியில் பத்திரமாக வைத்திருந்தாள். பெட்டியில் வேறொன்றும் இருந்தது. அதைப் பற்றி யாரிடமும் மூச்சு விடுவதில்லை என்று செத்துப்போன ஒரு மனிதருக்கு வாக்குக் கொடுத்திருந்தாள். ராத்திரி முழுக்கப் புரண்டுவிட்டு, வியாழக்கிழமை காலை பெட்டியைக் கையிடுக்கில் வைத்துக்கொண்டு ஓரெஸ்ட் வீட்டுக்குப் போனாள்.

பூட்ஸைக் கழற்றிவிட்டுக் காலுறையோடு சமையலறைக்குள் நுழைந்தால் ஜீலும் அங்கே இருந்தான்.

"வா ஐலி வா! இனிமேயாவது வாய்க்கு ருசியா ஏதாவது கெடைக்கும். இவன் குடுக்கற பிஸ்கட்ட வச்சுப் பாறை ஒடைக்கலாம்."

"ஓசில தின்னுட்டுப் பேச்சப் பாரு" என்றான் ஓரெஸ்ட். "உக்காரு ஐலி. காபி போடறேன்."

"காபி வேணாம். அந்தக் கடைசி வரியப் பித்தளைல போடாத, ஓரெஸ்ட்."

நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னாள். ஒன்பது, ஐம்பத்திரண்டு, லொரேன், காலி ரேக், ஒன்றையும் விடவில்லை. சொல்லி முடித்தபோது காபி வைத்த பாத்திரம் பொங்கி அடுப்பெல்லாம் வழிந்தது, ஒருவரும் எழுந்திருக்கவில்லை.

ஜீல் தான் முதலில் வாயைத் திறந்தான். "அட கடவுளே. அப்போ என் கல்யாணமே உன் பொய்லதான் நடந்துதா? இத என் பொண்டாட்டிகிட்ட சொல்லாத, என்னை விட்டுட்டு உன்னை வந்து ஒதைப்பா."

ஓரெஸ்ட் அடுப்பை அணைத்துவிட்டு ஜன்னலுக்குப் போய் முதுகைக் காட்டி நின்றான்.

"அந்தப் பத்திரிகை வந்த அன்னிக்கு," என்றான், "அந்தப் பக்கத்தக் கிழிச்சு எங்கப்பா சாப்பாட்டுத் தட்டு பக்கத்துல வச்சேன். மறியலுக்குப் போயிட்டு வந்து உக்காந்தாரு. கண்ணாடி போட்டுப் படிச்சாரு. படிச்சுட்டு என்ன சொன்னாரு தெரியுமா? 'உனக்கு முன்னாடி தொண்ணூத்திமூணு பேர் இருக்காங்க.' அவ்வளவுதான். சூப்பக் குடிக்க ஆரம்பிச்சுட்டாரு. சாகற வரைக்கும் என் பாட்டப் பத்தி வேற ஒரு வார்த்தை பேசல. இப்ப பாத்தா அந்த எடமும் இல்ல. மனுஷன் கரெக்டாத்தான் கண்டுபிடிச்சிருக்காரு."

ஐலிக்கு அதற்கு மேல் தாங்கவில்லை. வாக்காவது மண்ணாவது என்று பெட்டியைத் திறந்தாள். சீட்டுக் கட்டை எடுத்து மேஜையில் வைத்து, மேலே இருந்த முதல் சீட்டை அவன் பக்கம் தள்ளினாள்.

"யாரு எழுத்துன்னு பாரு."

ஓரெஸ்ட் பார்த்தான். உக்ரைன் பள்ளிக்கூடத்தில் எழுதப் பழகிய கை, ஒவ்வொரு எழுத்துக்கும் வால் வைத்து எழுதும். வசில் போட்னார்ச்சுக், அவன் அப்பா. பாட்டு கடைக்கு வந்த முதல் நாளின் தேதி.

"கடைய தெறந்ததும் மொத ஆளா வந்தாரு" என்றாள் ஐலி. "அதுக்கு முன்னாடி எங்க கடைல யாரும் சீட்டு எழுதி எடுத்து வச்சதே கெடையாது. அவருதான் கேட்டாரு. 'பொண்ணே, எனக்கு ஒண்ணு எடுத்து வைப்பியா? கையில காசில்ல, பேரு இருக்கு'ன்னாரு. மறுநாள்லேர்ந்து ஒவ்வொருத்தனா வந்தானுங்க. ஏம்பா, எல்லாரும் சேந்து மெனக்கெட்டு வர்றீங்கன்னு கேட்டா, 'வசில் அனுப்பினாரு'ன்னானுங்க. மிச்சம் அம்பத்தொரு பேரும், ஓரெஸ்ட். நெருப்புப் பீப்பா கிட்ட நின்னுக்கிட்டு, எம் பையன் பாட்டுக்குப் பேர் குடுத்துட்டு வாங்கடான்னு விரட்டியிருக்காரு. உன்கிட்ட சொல்லக் கூடாதுன்னு அத்தனை பேர் வாயையும் அடைச்சிருக்காரு. என் வாயையும்தான்."

"பொய்" என்றான் ஓரெஸ்ட்.

"ஒரு தடவ பொய் சொல்லி நாப்பத்தஞ்சு வருஷம் தூக்கம் கெட்டது போதும். இன்னொண்ணு சொல்லுவேனா?"

பெட்டிக்குள்ளிருந்து உறை நைந்த சின்னத் தட்டு ஒன்றை எடுத்தாள். ஜூனில் வேலைநிறுத்தம் முடிந்தது. மற்ற ஐம்பத்தொரு பேரும் வந்து தட்டை வாங்கிப் போனார்கள். வசிலும் வந்தார், வாங்கினார், ஆனால் எடுத்துப் போகவில்லை. "வீட்டுக்குக் கொண்டுபோனா பய பாத்துடுவான். தலைக்கனம் ஏறிடும். இங்கயே இருக்கட்டும்மா" என்றார். அப்புறம் சனிக்கிழமை தோறும் மளிகை வாங்க வருகிறவர், பையை வாசலில் வைத்துவிட்டு, கடையில் பாட்டுக் கேட்டுப் பார்க்கும் சின்னக் கூண்டுக்குள் போய், காதில் ஹெட்போன் மாட்டிக்கொண்டு நிற்பார். ஏழு வருடம். அந்த ஏழாவது வருடம்தான் அவர் இறந்தார்.

"ஏன் இத்தனை வருஷம் சொல்லல?" என்று ஜீல் கேட்டான். அவன் கேட்டது கோபமாக இல்லை.

"வாக்குக் குடுத்திருந்தேன். அது பாதிக் காரணம்தான். அவரப் பத்திச் சொன்னா சீட்டப் பத்திச் சொல்லணும். சீட்டப் பத்திச் சொன்னா என் குட்டு ஒடைஞ்சிடும். பயந்தேன். வேற என்ன."

ஓரெஸ்ட் தட்டைப் பிளேயரில் வைத்தான். கரகர என்று சத்தம், பிறகு இருபத்துமூன்று வயது ஓரெஸ்ட் கெஞ்ச ஆரம்பித்தான். பாட்டு நன்றாகவே போனது. நடுவில் ஓரிடத்தில் மட்டும் ஊசி தடுமாறி, ஒரே இரைச்சலாகக் கேட்டது. மறுபடி தெளிந்தது. அந்த ஒரு சின்ன இடத்தை மட்டும் யாரோ தேயத் தேயக் கேட்டிருக்கிறார்கள்.

"அந்த எடம் வந்தா ஊசியத் தூக்கித் தூக்கிப் பின்னாடி வைப்பாரு" என்றாள் ஐலி. "தட்டு கெட்டுப்போயிடும் மிஸ்டர் போட்னார்ச்சுக்னு கத்துவேன். எங்க காதுல விழும்."

ஜீல் தலையில் கை வைத்துக்கொண்டான். "டேய்... அது பெட்டிடா. உங்கப்பா பெட்டி."

ஸ்டூடியோவில் ஒரு தாளம் சரியாக வரவில்லை என்று, வேலைநிறுத்தத்தில் சும்மா கிடந்த வசிலின் சாப்பாட்டுப் பெட்டியை எடுத்துக்கொண்டு போய் ஜீல் அந்த இடத்தில் நான்கு தட்டுத் தட்டியிருந்தான். பெட்டி நெளிந்துவிட்டது. என் பெட்டியை நாசம் பண்ணிவிட்டான்கள் என்று வசில் வீட்டில் ஒரு மாதம் திட்டித் தீர்த்தார். அந்த நெளிந்த பெட்டி இப்போதும் ஓரெஸ்ட் வீட்டுக் குளிர்பெட்டியின் மேலேதான் இருந்தது. மூன்று பேரும் அதை அண்ணாந்து பார்த்தார்கள். ஓரெஸ்ட் மேஜையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு சின்னப் பிள்ளை மாதிரி அழுதான். ஐலி அவன் முதுகைத் தடவிக்கொண்டே தானும் அழுதாள்.

கொஞ்ச நேரம் கழித்து மூக்கைச் சிந்திவிட்டு ஓரெஸ்ட், "ஐலி, நீ மட்டும் அன்னிக்கு ஒழுங்கா ஒன்பதுன்னு சொல்லியிருந்தா இந்தச் சீட்டெல்லாம் என்னிக்கோ குப்பைக்குப் போயிருக்கும். பயந்துதானே வச்சிருந்த?" என்றான்.

"பயந்துதான்."

"நல்லா பயந்த போ. உனக்குக் கோடிப் புண்ணியம்." பொறிக்கிற ஆளுக்கு அப்போதே போன் போட்டான். "கடைசி வரிய மாத்தணும்ப்பா... ஆமா, இன்னும் நீளமா."

சனிக்கிழமை மத்தியானம் கர்லிங் கிளப்பில் எள் போட இடமில்லை. ஐலி துணியை இழுத்தாள். முன்வரிசையில் இருந்தவர்கள் எழுந்து எட்டிப் படித்தார்கள். மூன்று எல்.பி., எட்டு சிங்கிள். அதற்குக் கீழே: 'தேசியப் பட்டியலில் ஒரு வாரம் தொண்ணூற்று நான்காம் இடம். அது எங்களுடையது அல்ல, வேலைநிறுத்தக் குளிர்காலத்தில் எங்களுக்குத் தங்கள் பெயரைக் கொடுத்த ஐம்பத்திரண்டு பேருடையது. அவர்களுக்கும், அந்தப் பெயர்களை ஏற்றுக்கொண்ட ஐலிக்கும் எங்கள் நன்றி.'

ஓரெஸ்ட் மைக்கைப் பிடித்து நடந்ததை ஒளிக்காமல் சொன்னான். ஐலியின் பொய்யைச் சொன்னபோது, அவள் முகத்தை எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றாள். அப்போது பின்னாலிருந்து ஒரு கிழவர், "பேரு குடுத்தா வித்த மாதிரிதானே, இதுல என்ன பொய்யி?" என்று கத்தினார். கூரை பறக்கக் கை தட்டினார்கள்.

கை தட்டல் அடங்கியதும் ஓரெஸ்ட் சீட்டுகளை ஒவ்வொன்றாகப் படிக்க ஆரம்பித்தான்.

"மோரிஸ் லாலோண்ட்!"

"இங்கதான் இருக்கேன்! காதுதான் போயிடுச்சு!"

"பீட்டர் ஸ்டெஃபானிக்!"

"அப்பா போயிட்டாரு. நான் இருக்கேன்" என்று ஒரு பெண் எழுந்து நின்றாள். அவள் கையில் அந்தச் சின்னப் பாட்டுத் தட்டு இருந்தது.

"தாவி லெஹ்டினென்!"

"தாத்தாவுக்காக நாங்க மூணு பேர்!"

இப்படியே போனது. ஆள் இருந்தால் ஆள், இல்லாவிட்டால் மகன், மகள், பேத்தி. யாருமே இல்லாத பெயர்களுக்குப் பக்கத்து வீட்டுக்காரர்கள் கை தூக்கினார்கள். எந்தப் பெயரும் அனாதையாகக் கீழே விழவில்லை. ஐம்பத்தொன்று முடிந்தது. முதல் சீட்டை ஓரெஸ்ட் கடைசிக்கு வைத்திருந்தான்.

"வசில் போட்னார்ச்சுக்" என்று படித்தான்.

அந்தப் பெயருக்குப் பதில் சொல்ல வேண்டியவன் யார் என்று அங்கே எல்லோருக்கும் தெரியும். ஓரெஸ்ட் சீட்டை நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டான்.

"இருக்கேன்ப்பா" என்றான்.

ஜீல் குனிந்து, டிரம்ஸுக்குப் பக்கத்தில் வைத்திருந்த நெளிந்த பெட்டியை மடியில் எடுத்து வைத்துக்கொண்டு, நான்கு தட்டுத் தட்டினான்.